மிச்சம் எங்கே போகிறது?

நம் அன்னையாரின் அடுக்களையில் அரிசிப் பானைகள் இரண்டு இருந்தன. பெரிய பானை குடும்பத்துக்கு உரியது. சிறியதற்குப் பிடியரிசிப் பானை என்று பெயர். வேளைதோறும் உலைக்கு அரிசி அளந்தபின், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடியை அள்ளிச் சிறிய பானையில் இட்டுவிட்டுத்தான் அன்னையார் அரிசி களையத் தொடங்குவார்கள். பிடி ஒன்றுக்கு 50 கிராம் என்று கொண்டாலும், நாளைக்கு இருவேளைச் சமையலில் மாதம் 3 கிலோ அரிசி சேர்ந்துவிடும். மாதக் கடைசியில் அந்தப் பானை நம் தெருவின் மதரஸாவுக்கோ, கணவரை இழந்து பிள்ளைகளோடு தவித்த அண்டைவீட்டுப் பெண்மணிக்கோ சென்று, வெறும் பானையாக வீடு திரும்பும்.

நம் தந்தையார் மேலப்பாளையத்தில் கைத்தறி நெய்தவர்கள். அன்னையார் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றியவர்கள். உண்ணும் வாய்களோ ஏழு. 1978ஆம் ஆண்டு நமக்குப் பத்து வயது. ஒரு நாள் பசியின் மிகுதியால், "நமக்கே போதாத வீட்டில் இது எதற்கு, உம்மா?" என்று கேட்டுவிட்டோம். அன்னையார் சினம் கொள்ளவில்லை. "அளக்கும்போதே எடுத்துட்டா குறை தெரியாது, வாப்பா. தட்டுல போட்டப்புறம் எடுத்தாத்தான் குறை தெரியும்" என்றார்கள்.

பின்னாளில் எத்தனையோ கிதாபுகளை ஓதினோம். பிறருக்கு ஓதியும் கொடுத்தோம். சிக்கனத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எவரும் நமக்குச் சொல்லியதில்லை. ஆயினும், அச்சொல்லின் முழுப்பொருளும் விளங்குவதற்கு நாம் ஒரு நல்ல நூலையும், அதனினும் பெரியதொன்றையும் இழக்க நேர்ந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பொருட்செலவைக் குறிக்கும் அரபுச் சொற்கள் நான்கினை ஒருசேரக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது வகுப்பில் நமது வழக்கம். அளவு கடந்து செலவிடுவது இஸ்ராஃப். கண்டபடி வாரி இறைப்பது தப்தீர். விதையைக் குறிக்கும் 'பத்ர்' என்னும் சொல்லோடு இது ஒரே வேரில் பிறந்தது. உழாத நிலத்தில் விதையை வீசி எறிபவனை மனக்கண்முன் நிறுத்தினால் இதன் பொருள் விளங்கும். கொடுக்க வேண்டிய இடத்தில் கையை மூடிக்கொள்வது புக்ல், அதாவது கருமித்தனம். இவற்றுக்கு நடுவில் நிற்பது இக்திஸாத். நேரிய வழி, நடுவழி என்னும் பொருள் தரும் வேரிலிருந்து வந்த இச்சொல்லே இன்றைய அரபு நாடுகளில் பொருளாதாரம் என்னும் துறைக்கும் பெயராக வழங்குகிறது. நாம் தமிழில் சிக்கனம் என்பது இந்த நான்காவதனையே.

சொல்லளவில் பிரித்துக் காட்டுவது எளிது. வாழ்க்கையிலோ சிக்கனமும் கருமித்தனமும் ஒரே சட்டையை அணிந்தே உலவுகின்றன. இரண்டும் எதையும் எறிவதில்லை; இரண்டும் கணக்குப் பார்க்கின்றன. அப்படியாயின் எதைக்கொண்டு அவற்றை இனங்காண்பது?

முதலில் அடுக்களையைப் பார்ப்போம். அன்னையாரின் அடுக்களையிலிருந்து குப்பைக்குப் போனவை மிகவும் குறைவு. சோறு வடித்த கஞ்சியில் உப்பிட்டு நமக்கு ஆளுக்கொரு குவளை கிடைக்கும். எஞ்சிய கஞ்சி தந்தையாரின் வேட்டிக்கும் நம் வெள்ளைத் தொப்பிகளுக்கும் மொடமொடப்பு ஏற்றப் போகும். இரவில் மிஞ்சிய சோறு நீரூற்றி மூடி வைக்கப்பெற்று, மறுநாள் காலையில் சின்ன வெங்காயத்தோடும் சுட்ட கருவாட்டோடும் அமுதமாகும். பீர்க்கங்காயின் தோலைச் சீவி எறிவதில்லை. அதனை எண்ணெயில் நன்கு வதக்கி, மிளகாய் வற்றல், புளி, ஒரு துண்டுத் தேங்காய், உப்புச் சேர்த்து அம்மியில் வைத்து அரைத்தால் துவையல். வாழை குலை ஈன்றபின் வெட்டுண்டு விழுந்தால், பூ பொரியலுக்கு, தண்டு கூட்டுக்கு, இலை விருந்துக்கு, நார் கட்டுவதற்கு. பீடிக்கு இலை கத்தரித்து எஞ்சிய துணுக்குகள் கூட அடுப்புப் பற்றவைக்க உதவின.

நம் சமுதாயத்தின் நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி நொய்யும், சிறிது பயற்றம்பருப்பும், வெந்தயமும், தேங்காய்ப் பாலும், கைப்பிடி அளவே கொத்திய கறியும் ஒரு பெரிய தேக்சாவில் ஒன்றுகூடி ஒரு தெருவின் நோன்பைத் திறக்கச் செய்கின்றன. அக்கறியை ஒரு வீட்டில் குழம்பாக்கினால் நால்வருக்கும் போதாது. கஞ்சியில் இட்டாலோ அதன் சுவை நானூறு குவளைகளில் ஏறிவிடுகிறது. நொய்யரிசியை இழிவென்று எண்ணாத முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற அறிவு இது.

அக்கஞ்சியை அள்ளிய அகப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காயை உடைத்தால் சிரட்டை இரண்டாகும். கண்ணுள்ள பாதி அகப்பைக்கு ஆகாது, ஒழுகும். கண்ணில்லாத பாதியை எடுத்து, மேல்நாரைக் கத்தியால் சுரண்டி, உடைந்த கண்ணாடித் துண்டால் வழுவழுப்பாகும் வரை தேய்த்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரு துளைகள் இட வேண்டும். சீவிய மூங்கில் சிம்பு ஒன்றை அவ்விரு துளைகளிலும் இறுகச் செருகிவிட்டால் சிரட்டை அகப்பை ஆயத்தம். பானையின் அடியைக் கீறாது, கைப்பிடி சுடாது. தந்தையார் தறியை விட்டெழுந்த மாலை வேளைகளில் இவற்றைச் செய்து, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்து வந்தார்கள்.

துணியின் கதையும் அவ்வாறே. அன்னையாரின் பருத்திச் சேலை ஒன்று நைந்தால் முதலில் தொட்டிலாகும். தொட்டிலிலும் நைந்தபின், நல்ல பகுதிகளை வெட்டி, நான்கைந்து மடிப்பாக அடுக்கி, தறியில் மிஞ்சிய நூல்களைத் திரித்து ஓட்டத்தையல் போட்டால் குழந்தைக்கு விரிப்பாகும். அதற்கும் உதவாத துண்டுகள் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணிகளாகும். கோரைப்பாய் ஓரம் பிரிந்தால் பழந்துணிப் பட்டையை வைத்து விளிம்பு கட்டுவார்கள். நடுவில் கிழிந்தால் நல்ல பாதியை வெட்டித் தொழுகைப் பாயாக்குவார்கள். நம் ஓதல் பை தந்தையாரின் கிழிந்த சட்டையிலிருந்து பிறந்தது. அதன் சட்டைப்பை அப்படியே பென்சில் வைக்கும் இடமாயிற்று. நம்மோடு ஓதிய பிள்ளைகள் அதைக் கண்டு நகைத்தபோது நாம் கூசிப்போனதுண்டு. 2019 ஜனவரி முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் ஞெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நாம் வெட்கப்பட்ட அந்தப் பை இன்று பெருமைக்குரியதாகி நிற்கிறது.

அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் அன்னையாரை நினைவூட்டிய ஒரு மூதாட்டியை நாம் ஒரு நூலில் சந்தித்தோம். பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிழ் என்னும் பேரறிஞர், கருமிகளைப் பற்றிக் 'கிதாபுல் புகலா' என்றொரு நூல் எழுதினார். அதில் முஆதா அல்அன்பரிய்யா என்றொரு பெண்மணி வருகிறாள். உறவினர் ஒருவர் குர்பானிக்கென அவளுக்கு ஓர் ஆட்டைக் கொடுக்கிறார். அவளோ துயரத்தோடு அமர்ந்திருக்கிறாள். இந்த ஆட்டில் ஏதேனும் ஒரு சிறு பகுதி வீணாகிவிடுமோ என்பதே அவள் கவலை! பிறகு ஒவ்வொன்றாக வழி காண்கிறாள். கொம்பை விட்டத்தில் அடித்து, எலிக்கு எட்டாமல் கூடைகளை மாட்டும் கொக்கியாக்குகிறாள். குடலைப் பஞ்சு கொட்டும் வில்லுக்கு நாணாக்குகிறாள். எலும்புகளை உடைத்துக் காய்ச்சிக் கொழுப்பை விளக்குக்கும் உணவுக்கும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய எலும்பை அடுப்பிலிடுகிறாள். தோல் பையாகிறது, சாணம் காய்ந்து எரிபொருளாகிறது. இரத்தம் ஒன்றுதான் அவளைத் தடுமாறச் செய்கிறது. உண்பதே விலக்கப்பட்டது, வேறு பயன் இருந்தாக வேண்டுமே என்று வருந்தியவளுக்குக் கடைசியில் அதற்கும் வழி கிடைக்கிறது. அவளிடம் புதிய மண்சட்டிகள் இருந்தன. சூடான இரத்தத்தைப் பூசினால் அவை உறுதிப்படும் என்று கண்டுகொண்டபோதுதான் அவள் முகம் மலர்ந்ததாம்.

வகுப்பில் அனைவரும் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள்தோறும் அன்னையார் செய்ததும் ஏறக்குறைய இதுதான். தலையும் காலும் குடலும் வீணாகாமல் சமையலுக்குப் போகும். ஒரு பகுதி கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் உலர்த்தினால் உப்புக்கண்டம். இத்தகையவரை ஜாஹிழ் ஏன் கருமிகளின் வரிசையில் நிறுத்தினார்? ஒரு பொருளின் கடைசிப் பயன்வரை காண்பது அறிவு அல்லவா?

அதற்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அக்கதையில் கொம்பு அவள் வீட்டு விட்டத்துக்கு. எண்ணெய் அவள் விளக்குக்கு. எலும்பு அவள் அடுப்புக்கு. இரத்தமும் அவள் சட்டிக்கே. எல்லாப் பயனும் அவள் வாசற்படிக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. நம் வீட்டிலோ கறியை மூன்று பங்காக வைத்து, உற்றாருக்கும் எளியோருக்கும் உரிய பங்குகள் வாசல் கடந்த பின்னரே அன்னையார் தம் பங்கைத் தொடுவார்கள். தோல் மதரஸாவுக்குப் போகும். உப்புக்கண்டத்திலும் ஒரு சரம், பெருநாள் கழிந்து இரண்டு மாதத்தில், நோயுற்றுக் கிடக்கும் யாரேனும் ஒருவர் வீட்டுக் கஞ்சிக்குத் துணையாகப் போய்ச் சேரும்.

இன்று நம் இல்லங்களில் குளிர்பதனப் பெட்டி வந்துவிட்டது. அது நல்லதொரு சாதனம், குறை கூறமாட்டோம். ஆனால் கறியைக் கெடாமல் வைக்க வழியில்லாத காலத்தில், கெடுமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயமாவது இருந்தது. இப்போது உறைபெட்டி நிறையும் அளவுக்கு நம் கை இறுகுகிறதா என்று ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்வது நன்று.

இவ்வளவையும் எழுதும் நாம் அந்த மூதாட்டியின் கட்சியிலேயே நெடுங்காலம் இருந்தோம். அதைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

1991ஆம் ஆண்டு சென்னைக்குச் சென்றிருந்தபோது, திருவல்லிக்கேணிப் பழைய புத்தகக் கடை ஒன்றில் 'அல்முன்ஜித்' என்னும் அரபு அகராதி கிடைத்தது. 1908இல் பெய்ரூத்தில் முதன்முதலாக வெளிவந்து, அரபு ஓதுவோரிடையே பெரிதும் பரவிய நூல் அது. பேருந்துக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பல நாள் நடந்தும், ஒரு வேளை உணவைச் சுருக்கியும் சேர்த்த பணத்தில் அதை வாங்கினோம். காடாத் துணியில் உறை தைத்துப் போட்டோம். அலமாரியில் வைத்துப் பூட்டினோம். கை கழுவித் துடைத்த பின்னரே அதைத் தொடுவோம்.

2009இல் நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "ஹஜ்ரத், முன்ஜித் ஒரு வாரத்துக்குத் தருவீங்களா? பரீட்சை முடிஞ்சதும் கொண்டாந்து தந்துர்றேன்" என்றான். அறிவு வேட்கை உடையவன். ஆனால் வீட்டில் ஓர் அகராதி வாங்க இயலாதவன். "நூல் வெளியே போனால் திரும்பாது, தம்பி. வேண்டும்போது இங்கே வந்து பார்த்துக்கொள்" என்றோம். அவன் வீடு ஊரின் மறுகோடியில். மாலையில் அவன் ஒரு கடையில் வேலையும் பார்த்து வந்தான். இரண்டு நாள் வந்தான், பிறகு வரவில்லை. அடுத்த ஆண்டு படிப்பையும் நிறுத்திவிட்டு வெளிநாட்டு வேலைக்குச் சென்றுவிட்டான். அதற்குக் காரணங்கள் பல இருந்திருக்கலாம். ஆயினும் அவற்றுள் ஒன்று நம் அலமாரியின் பூட்டு அன்று என்று நம்மால் உறுதியாகக் கூற இயலவில்லை.

2014ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பின்சுவரில் ஈரம் ஏறிற்று. நாம் கவனிக்கவில்லை. பல மாதங்கள் கழித்து அலமாரியைத் திறந்தபோது முன்ஜிதின் காடா உறை அப்படியே இருந்தது. உள்ளே தாள்கள் இல்லை, மண் இருந்தது. கறையான் பின்பக்கம் வழியே நுழைந்து, அலிஃப் தொடங்கி யா வரை ஓதி முடித்திருந்தது. பழைய அரபுக் கையெழுத்து ஏடுகளின் முதற்பக்கத்தில் 'யா கபீகஜ்' என்று எழுதி வைப்பதுண்டு. அப்பெயரைக் கண்டால் பூச்சிகள் அணுகா என்பது அக்கால எழுத்தர்களின் நம்பிக்கை. அந்தப் பெயரை எழுதி வைத்திருந்தாலும் நம் நூல் பிழைத்திராது. அடிக்கடி திறக்கும் கை ஒன்றே நூலைக் காக்கும் கபீகஜ் என்பதை நாம் காலம் கடந்தே உணர்ந்தோம்.

முதுமையால் தளர்ந்திருந்த அன்னையார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். தமிழ் எழுத்தை அறியாமல், அரபுத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். உறையைத் தடவிப் பார்த்தார்கள். "கறையானுக்குக் கொடுத்தியே, வாப்பா. அந்தப் புள்ளைக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்றார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் திண்ணையில் நின்று கேட்ட ஒரு பிள்ளையின் குரலை அவர்கள் உள்ளிருந்து கேட்டிருக்கிறார்கள்; மறக்கவுமில்லை. நாமோ மறந்திருந்தோம்.

பிடியரிசிப் பானையின் பொருள் அன்றைக்குத்தான் நமக்கு விளங்கிற்று. சிக்கனத்துக்கும் கருமித்தனத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்பதில் இல்லை. அந்த மிச்சம் எங்கே போகிறது என்பதில்தான் இருக்கிறது. பிறர் வீட்டுக்கு வழி திறந்திருக்கும் மிச்சம் சிக்கனம். வழி அடைபட்ட மிச்சம், அரிசியாயின் வண்டுக்கும், நூலாயின் கறையானுக்கும் உரியதாகிவிடுகிறது.

வாசிப்பில் சிக்கனம் என்றால் நூல் வாங்காதிருப்பது என்று பொருளல்ல. ஒரு நூலைப் பலர் வாசிக்கச் செய்வதே அது. ஜாஹிழ் இளமையில் வறியவர். நூல் வணிகரின் கடைகளை இரவில் வாடகைக்குப் பிடித்து, உள்ளேயே தங்கி, இருப்பவற்றை வாசிப்பாராம். நமக்கு அந்தத் தொல்லையும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, நாம் செலுத்தும் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஊர் நூலகத்தின் நூல்கள் முன்னரே நாம் விலை கொடுத்து வாங்கியவை. எடுத்துப் படிக்கத்தான் மறந்துவிடுகிறோம். சீர்காழி தந்த நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே, நூல் இருப்பது புழங்குவதற்குத்தான், காத்து வைப்பதற்கன்று என்னும் கருத்தை உடையது. இதழ்களையும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் படிக்கலாம். (ஆசிரியர் பொறுத்தருள்வாராக!) ஆண்டு முடிவில் பிள்ளைகளின் குறிப்பேடுகளில் எழுதாமல் எஞ்சிய தாள்களைப் பிரித்தெடுத்து, நடுவில் நூலால் தைத்தால் புதிய ஏடு ஒன்று கிடைக்கும். நம் மொழிபெயர்ப்புப் பயிற்சிகள் யாவும் இத்தகைய ஏடுகளில் எழுதியவையே.

2017இல் அன்னையார் இறையடி சேர்ந்தார்கள். தந்தையாரின் தறி அதற்கு வெகுகாலம் முன்பே நின்றுபோயிருந்தது. அதன் மரங்கள் பின்கட்டில் சாய்ந்து கிடந்தன. விறகுக்குக் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. வைத்திருந்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை. பின்பு ஆசாரி ஒருவரை அழைத்து, கெடாத கட்டைகளைத் தேர்ந்து இழைத்து, நான்கு தட்டுகள் கொண்ட நூலடுக்கு ஒன்று செய்வித்தோம். அதற்குக் கதவில்லை, ஆகவே பூட்டும் இல்லை. சுவரை ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி, திண்ணையில் நிறுத்தினோம். எஞ்சியிருந்த நம் நூல்களை அதில் அடுக்கி, எடுப்பவர் தம் பெயரும் நாளும் எழுதுவதற்குத் தைத்த ஏடு ஒன்றையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

நூல்கள் திரும்பி வருகின்றனவா என்று நண்பர்கள் கேட்கின்றனர். பெரும்பாலும் வருகின்றன. சில வருவதில்லை. சில புதிதாக வந்து சேர்கின்றன. யார் வைத்தார்கள் என்பதும் தெரிவதில்லை. தெருவின் பெண்மக்கள் சிலர் மாலையில் வந்து எடுத்துச் செல்கின்றனர். நூலைத் தூக்கிச் செல்வதற்குப் பழைய கால்சட்டைத் துணியில் பை தைத்து மாட்டி வைத்தவரும் அவர்களுள் ஒருவரே.

முன்ஜித் மீண்டும் ஒன்று வாங்கினோம். இம்முறை உறை போடவில்லை. அதன் முதுகு பிரிந்துவிட்டது. தறியின் மிச்ச நூலால் தைத்திருக்கிறோம். பக்கங்களில் தேநீர்க் கறை உண்டு. மஞ்சள் விரல் அடையாளமும் உண்டு. யாரோ ஒரு பிள்ளை அடுக்களையில் அன்னைக்கு உதவிக்கொண்டே சொற்பொருள் தேடியிருக்க வேண்டும். இதை எழுதும் இன்று அந்த நூல் அடுக்கில் இல்லை. இரண்டு மாதமாக யார் வீட்டிலோ இருக்கிறது. அந்த வெற்றிடத்தைக் காணும்போதெல்லாம், மாதக் கடைசியில் வெறுமையாகத் திரும்பி வரும் பிடியரிசிப் பானை நினைவுக்கு வருகிறது.